மேடை ஏறிய கிரைண்டர்

ஏனுங்க, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்திக்கிறீங்களா? இந்தப் பொட்டியை சீட்டுக்கு அடியில தள்ளிரலாம்னு பாத்தேன், போக மாட்டேங்குது. கண்டக்டர் தம்பி லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு, "என்னக்கா, உள்ள அம்மிக்கல்லா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. அம்மிக்கல்லு இல்லீங்க, கிரைண்டர். டேபிள் டாப்புதான், ஆனா கல்லு கல்லுதானுங்களே. சரி, இருக்கட்டும், எங்கால் மேலயே சாஞ்சுக்கட்டும். நீங்க எதுவரைக்கும் போறீங்க? தாராபுரமா? நான் குண்டடத்துல எறங்கிருவேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க.

புதுசு இல்லீங்க, பழசு. எங்கூட்டு சமையல் மேடையில இத்தனை வருசமா இருந்தது. கோயமுத்தூர்ல இருந்து பழைய கிரைண்டரைத் தூக்கிட்டு பஸ்ஸேறிப் போறா, இவளுக்கென்ன கிறுக்கான்னு நெனைப்பீங்க. எங்கூட்டுக்காரரும் அதத்தான் கேட்டாரு. ஒரு புள்ளைக்குக் குடுக்கப் போறேனுங்க. சொந்தமெல்லாம் இல்லை, நேர்ல பாத்ததுகூட இல்லை. அந்தப் புள்ளையோட அம்மா என் பிளாக் படிக்கறவங்க.

ஆமாங்க, பிளாக்குதான். இப்பெல்லாம் யார் படிக்கிறாங்கன்னு நெனைப்பீங்க. எல்லாரும் வீடியோதான். ஆனா எழுத்துக்குன்னு ஒரு கூட்டம் இருக்குதுங்க, குறையவே இல்லை. 'எங்கூட்டு அடுப்படி'ன்னு பேரு. என்னை எல்லாரும் மதியக்காம்பாங்க. வளர்மதி முழுப் பேரு. சமையல் குறிப்பு கம்மிதான். மிக்ஸி, குக்கர், தோசைக்கல்லு, இந்த மாதிரி சாமானைப் பத்தித்தான் ஜாஸ்தி எழுதுவேன். எது உழைக்கும், எது ஏமாத்தும்னு.

அதுல ஒரு வழக்கம் வெச்சிருந்தேனுங்க. எந்தச் சாமான் வந்தாலும் முதல்ல தரையிலதான். சிலிண்டர் பக்கத்துல கிடக்கும். அங்க வெச்சுப் பொழங்குவேன். பொழங்கப் பொழங்க அது புதுசுங்கறதே மறந்துபோகும் பாருங்க, கை பாட்டுக்கு அதைத் தேடிப் போகும் பாருங்க, அப்பதான் அதைத் தூக்கி மேடை மேல வெப்பேன். ஜன்னலோரம் ஒரு நீல டைல்ஸ் உடைஞ்சிருக்கும், அதுக்கு முன்னாடி வெச்சு ஒரு போட்டோ. அவ்வளவுதான். அந்த உடைஞ்ச டைல்ஸை எங்க ஆளுக எல்லாருக்கும் தெரியும். துபாய்ல இருக்கற பொம்பளைக்குக்கூடத் தெரியும். எது வாங்கறதா இருந்தாலும், "மதியக்கா, மேடை ஏறிருச்சா?"ன்னு கேப்பாங்க. ஏறலைன்னா வாங்க மாட்டாங்க.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு கம்பெனிக்காரங்க எழுதுவாங்க பாருங்க, சிரிப்பா இருக்கும். 'டியர் சார்'ன்னு ஒருத்தன் எழுதுவான். உங்க பதிவையெல்லாம் விடாம படிக்கறோம்னு ஆரம்பிச்சு, கடைசியில தாடிக்குத் தடவற எண்ணெய் அனுப்பட்டுமான்னு கேட்டான் ஒருத்தன். அடுப்படியில நிக்கற பொம்பளைக்குத் தாடி எண்ணெய்! தேங்கா துருவற மெசின் ஒண்ணு வந்துச்சு, விரலையும் சேத்துத் துருவுச்சு. அதை அப்படியே எழுதினேன். சப்பாத்தி போடற மெசின் வந்துச்சு, அதுல அப்பளம் வந்துச்சு. அதையும் எழுதினேன். கம்பெனிக்காரன் போன் பண்ணி அழாத குறை. எனக்கென்ன? எம்பேச்சை நம்பித்தானுங்களே நாலு பேர் கைக்காசைப் போடறாங்க. அந்த விசயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு.

ரொம்பக் கண்டிப்புங்க. நீங்க யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

இந்த ஹரிஷ் தம்பிகிட்ட மட்டும் எப்படி ஏமாந்தேன்னு எனக்கே தெரியலை. ஒரு கிரைண்டர் கம்பெனிக்கு விளம்பரம் பாக்கறவன். கம்பெனி பேர் வேண்டாங்க, விடுங்க. அவன் மத்தவனுக மாதிரி எழுதலை. போன்ல பேசினான். "மேம், இட்லித் துணியை எப்படி அலசோணும்னு ஒரு பதிவு போட்டீங்களே, எங்கம்மா அதைப் படிச்சுட்டு வீட்டுல இருந்த துணியை எல்லாம் மாத்திட்டாங்க"ன்னான். நான் பிளாக் ஆரம்பிச்ச புதுசுல எழுதினதுங்க அது. எங்கூட்டுல ஒருத்தரும் அதைப் படிச்சதில்லை. எங்கூட்டுக்காரர் இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூடப் படிச்சதில்லை. நாத்தனார் இருக்காங்களே, அவங்க ஊர்ல எல்லார்கிட்டயும், "அவ பொழுதன்னைக்கும் போனை நோண்டிட்டு இருப்பா"ன்னுதான் சொல்வாங்க.

அவங்க கம்பெனி விழாவுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. டீலர் எல்லாம் வருவாங்களாம், நான்தான் சிறப்பு விருந்தினராம். ஆடி கழிஞ்சு ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி விழா. அதுக்குள்ள அவங்க புது கிரைண்டரைப் பத்திப் பதிவு வந்துட்டா நல்லாருக்கும்னான். கல்யாண சீசன்ல சீர் சாமான் நெறையப் போகுமில்லீங்களா, அதுக்குத்தான். நான் முதல்ல முடியாதுன்னுட்டேன். மேடை ஏற நாள் ஆகும் தம்பின்னேன். சத்தியமா சொன்னேனுங்க. அவன் சிரிச்சுட்டு, "சரிங்க மேம், உங்க இஷ்டம்"னு சொல்லிட்டு, விழாவுக்கு அடிச்ச பேனரைப் போட்டோ எடுத்து அனுப்பினான். எம்மூஞ்சிங்க. வாசல் அகலத்துக்கு. பக்கத்துல 'எங்கூட்டு அடுப்படி'ன்னு பெருசா எழுதி.

அதை நாத்தனாருக்கு அனுப்பினேன். அவங்க உடனே கூப்பிட்டாங்க. "என்னைக்கு வளரு விழா? நானும் வரட்டுமா?"ன்னு கேட்டாங்க.

அப்புறம் எப்படிங்க முடியாதும்பேன்?

கிரைண்டர் வந்துச்சு. ஆட்டிப் பாத்தேன். ஆட்டாமல்லாம் எழுதலீங்க, அந்தப் பழி வேண்டாம். இட்லிக்கு ஒருக்கா, வடைக்கு ஒருக்கா. அரிசி பரவாயில்லை. உளுந்து போட்டப்ப கையை விட்டுப் பாத்தேன், மாவு வெதுவெதுன்னு இருந்துச்சு. உளுந்து மாவு சூடாச்சுன்னா காணாதுங்களே, அளவு கம்மியாத்தான் வரும். பந்து மாதிரி பொங்கி வர வேண்டியது, கூழு மாதிரி கிடந்துச்சு. அடியில ரப்பர் தீயற மாதிரி ஒரு வாசமும் வந்துச்சு. ஹரிஷைக் கூப்பிட்டுச் சொன்னேன். "புதுசு மேம், பெல்ட் இன்னும் செட் ஆகலை. ஓட ஓட சரியாயிரும்"னான்.

நானும் எழுதினேன். 'ஆரம்பத்தில் கொஞ்சம் சூடாகும், ஓட ஓட சரியாகிவிடும்.' பொய் எழுதலீங்க. சூடாகும்னுதானே எழுதியிருக்கேன். ஓட ஓட சரியாயிரும்ங்கறது அந்தத் தம்பி சொன்னது. ஆனா அவன் சொன்னான்னு போடலை. நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி போட்டேன். ஓட ஓட என்ன ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஓட்டவே இல்லையே.

போட்டோவுக்கு ஹரிஷே கேமராக்காரனைக் கூட்டிட்டு வந்தான். "மேம், மேடை ஷாட் ஒண்ணு வேணும். உங்க ஆளுக அதைத்தானே தேடுவாங்க"ன்னான். மேடையில இந்தப் பழசு இருந்துச்சு. அவனே தூக்கி ஓரமா நகத்தி வெச்சுட்டு, மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டான். நான் பாத்துட்டுத்தான் நின்னேன். புதுசை உடைஞ்ச டைல்ஸ் முன்னாடி வெச்சு எடுத்தான். அவன் வாசலைத் தாண்டினதும் அதை அட்டைப் பொட்டிக்குள்ள போட்டு அட்டாலியில, அதான் பரண் மேல, ஏத்திட்டேன். இதை மறுபடி அதோட இடத்துல வெச்சேன். இடம் மாறினா எனக்குக் கை ஓடாதுங்க, அதுக்காகத்தான்.

ஆனா கீழ போட்டிருந்தேனுங்க. பதிவோட கடைசியில, 'இந்தப் பொருள் நிறுவனத்தாரால் வழங்கப்பட்டது'ன்னு போட்டிருந்தேன். எழுத்து சின்னதுதான். போன்ல பாத்தா கண்ணுக்கு எட்டாதுதான். ஆனா போட்டிருந்தேன்.

விழா பிரமாதமா நடந்துச்சு. பொன்னாடையெல்லாம் போத்தினாங்க. நாத்தனார் முன் வரிசையில உக்காந்து வீடியோ எடுத்தாங்க. நல்ல நாளுங்க அது. இப்ப என்ன சொன்னாலும், அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

பல்லடம் வந்துருச்சா? ஜன்னலைக் கொஞ்சம் தெறந்துக்கறேனுங்க. வேர்க்குது.

அந்தப் பதிவுக்குக் கீழதான் தேவகி கேட்டிருந்தா. இந்தக் குண்டடத்துக்காரி. டெய்லர் கடை வெச்சிருக்கா, ஒத்தைப் பொம்பளையா மகளை வளத்தினவ. ரொம்ப நாளா என்னைப் படிக்கறா. "அக்கா, கீர்த்தனாவுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. சீர்ல இதை வெக்கலாம்னு இருக்கேன். ஊரே வந்து பாக்கும். மேடை ஏறினது நெசந்தானுங்களே?"ன்னு கேட்டிருந்தா.

நேராக் கேட்டாளுங்க. சுத்தி வளைக்கலை. அப்பவே நான் ஒரு வார்த்தை, கொஞ்ச நாள் பொறு கண்ணுன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். அட்டாலியை ஏறிட்டுப் பாத்தேன். பொட்டி தெரிஞ்சுது. 'தைரியமா வாங்கு கண்ணு'ன்னு போட்டுட்டு, ஒரு பூவும் போட்டேன்.

கல்யாணம் நல்லபடியா நடந்திருக்குது. கல்யாணப் போட்டோவும், சீர் எல்லாம் பரப்பி வெச்சு ஒரு போட்டோவும் அனுப்பினா. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, நடுவுல அந்த கிரைண்டர், மேல மஞ்சள் குங்குமம் வெச்சு. அப்புறம் மாப்பிள்ளை வீட்டுல சொந்தக்காரங்களுக்கு விருந்து வெச்சிருக்காங்க. வடைக்கு மருமக கொண்டுவந்த கிரைண்டர்லயே ஆட்டலாம்னு சம்பந்தியம்மா சொல்லியிருக்காங்க. பாராட்டறதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க, பாவம். புள்ள உளுந்தைப் போட்டிருக்குது. ஓடிட்டு இருக்கறப்பவே பொகை வந்து நின்னுபோச்சாம். பாதி அரைஞ்சும் அரையாம. சொந்தக்காரங்க எல்லாம் சுத்தி நிக்கறாங்க. "வந்த சீரே பாதியில நிக்குது"ன்னு ஒரு கிழவி சொல்லிருச்சாம்.

தேவகி அந்தப் பதிவுக்குக் கீழயே எனக்கு எழுதினா. என்னைத் திட்டி எழுதலீங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. "அக்கா, உங்கூட்டுல உங்களுது எப்படி ஓடுது? எங்களுது மட்டுந்தான் இப்படியா? கீர்த்தனா தண்ணி ஊத்தினது பத்தலையோ? நாங்கதான் எதையாச்சும் தப்பாப் பண்ணிட்டமா?"ன்னு கேக்கறா. என் மேல துளி சந்தேகமில்லை. பெத்த மக மேல சந்தேகப்படறா, என் மேல படலை.

நான் என்ன பதில் போட்டேன் தெரியுங்களா? 'எங்கூட்டுக் கிரைண்டர் நல்லாத்தான் ஓடுது கண்ணு'ன்னு போட்டேன். பொய்யில்லையே. எங்கூட்டுக் கிரைண்டர் நல்லாத்தானே ஓடுது. இதா, இதுதானே எங்கூட்டுக் கிரைண்டர்.

சிரிக்காதீங்க. இல்லை, நீங்க சிரிக்கலை. எனக்குத்தான் யாரோ சிரிக்கற மாதிரி இருக்குது.

அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லீங்க. சம்பந்தியம்மாவும் என் பிளாக் படிக்கறவங்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் தேவகிக்குப் போட்ட பதிலை அவங்களும் பாத்திருக்காங்க. புள்ளையைக் கூப்பிட்டு, "மதியம்மா வீட்டுல நல்லாத்தான் ஓடுதாம். உனக்குத்தான் கை சரியில்லை"ன்னு சொல்லியிருக்காங்க. அன்னையில இருந்து அந்தப் புள்ளையை மிக்ஸியைக்கூடத் தொட விடறதில்லையாம். எதையாச்சும் எடுத்தா, "நீ வெச்சிரு சாமி, அதுவும் நின்னுறப் போகுது"ங்கறாங்களாம். அந்தம்மா திட்டறதில்லையாம், மெதுவாத்தான் சொல்றாங்களாம். புள்ள சாப்பாடு எறங்காம எளைச்சுப்போச்சுன்னு தேவகி சொல்றா. கட்டிக்குடுத்து இன்னும் வாசல்ல கட்டின தோரணம்கூடக் காயலைங்க.

ஒரு வரி எழுதினா போதும்னு எனக்குத் தெரியும். 'எங்கூட்டுலயும் அது சூடாச்சு'ன்னு ஒரு வரி. ரெண்டு மூணு தடவை டைப் பண்ணி அழிச்சேன். இதை எழுதினா, அப்ப அந்த குக்கரு? அந்தத் தோசைக்கல்லு? அதெல்லாம் நெசமா மேடை ஏறினதான்னு ஒவ்வொருத்தரா கேப்பாங்களே. அதெல்லாம் நெசங்க. சத்தியமா நெசம். ஆனா இனி யார் நம்புவாங்க? இத்தனை வருசமா ஒவ்வொண்ணா சேத்தது. நாத்தனார் வேற அந்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பி வெச்சிருக்காங்க.

அதான் யோசிச்சு யோசிச்சு, என்னுதையே குடுத்துரலாம்னு முடிவு பண்ணினேன். இதைவிட ஒருத்தி என்ன பண்ண முடியும், சொல்லுங்க. எங்கை பழகின கிரைண்டருங்க. தேவகிக்குப் போன் பண்ணி, "கம்பெனியில சிலது அப்படி வந்துரும் கண்ணு, நான் ஒண்ணு கொண்டாந்து தர்றேன். யாருக்கும் சொல்லாத"ன்னேன். அவ அழுதுட்டா. "கூடப் பொறந்தவகூட இப்படிப் பண்ண மாட்டா அக்கா"ன்னா. மனசு லேசாகும்னு நெனைச்சுத்தானுங்க கூப்பிட்டேன். அந்த ஒரு சொல்லுல இன்னும் கனத்துப்போச்சு.

என்னங்க கேட்டீங்க?

பதிவா? அந்தப் பதிவு இன்னும் இருக்குதுங்க. எடுக்கலை. எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்களே.

என்ன, போன்ல பாக்கறீங்களா? பேர் போட்டதும் வந்துருச்சா? முதல்ல அதுவா வருது? இப்படிக் காட்டுங்க. கண்ணாடி போட்டுக்கறேன்.

ஆமா. எங்கூட்டு மேடைதான். உடைஞ்ச டைல்ஸ் தெரியுது பாருங்க. கொஞ்சம் பெருசு பண்ணுங்க. அந்த மூலையில, இல்லீங்க, இந்தப் பக்கம், சிவப்பா ஒரு துண்டு தெரியுதா? எத்தனை பேர் பாத்திருக்காங்க, ஒருத்தர்கூட இது என்னன்னு கேக்கலை. அதுக்கடியில மூடி வெச்சதுதான் இப்ப உங்க காலுக்கிட்ட இருக்குது.

கீழ என்ன, புதுசா யாரோ கேட்டிருக்காங்களா? படிங்க. தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணமா? இதை வாங்கலாமான்னா? யாரு பதில் போட்டிருக்காங்க? நான் போடலையே.

தேவகியா?

சத்தமாப் படிங்க. 'தைரியமா வாங்குங்க. மதியக்கா சொன்னா சரியா இருக்கும். எங்களுது நின்னது எங்க கைராசி.'

அட கடவுளே.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. தண்ணி வேண்டாம். சித்த இருங்க.

நீங்க கேக்கறது எனக்குப் புரியுது. பொட்டியில இருக்கறதைக் குடுத்தா அந்தப் புள்ள பேரு சரியாயிருமான்னு கேக்கறீங்க. நானும் வீட்டுல இருந்து கெளம்பறப்ப இருந்து அதைத்தான் நெனைக்காம இருக்கப் பாக்கறேன். இந்த கிரைண்டர் அங்க போய் நல்லா ஓடுச்சுன்னா, மதியம்மா கைபட்டதுனால ஓடுதும்பாங்க. எனக்குத்தானுங்க இன்னும் பேரு கிடைக்கும். புள்ளைக்கு என்ன கிடைக்கும்?

குண்டடம்னு சத்தம் போடறாரு. வந்துருச்சா, அதுக்குள்ள?

அதா, அந்தப் பச்சைச் சேலை, அது தேவகி. பக்கத்துல நிக்கறது யாரு? கண்ணாடி போட்டுட்டு, ஒசரமா. கல்யாணப் போட்டோவுல பாத்தேன். சம்பந்தியம்மா. சம்பந்தியம்மாவுங்க! யாருக்கும் சொல்லாதேன்னேனே. கையில பூவோட நிக்கறாங்க. எனக்குத்தான். பின்னாடி, தலையைக் குனிஞ்சுட்டு நிக்குதே, அதுதான் புள்ள. இத்தனூண்டு இருக்குது.

வேண்டாங்க, பொட்டியைத் தூக்காதீங்க. தம்பி, ஒரு நிமிசம் இருப்பா. பொட்டி எறங்கலை, நான் மட்டுந்தான் எறங்கறேன்.

நெசமாத்தானுங்க சொல்றேன். இது கையில இருந்தா நான் இதைக் குடுத்துட்டு, அந்தப் பூவை வாங்கிட்டு, போட்டோ எடுத்துட்டு, சாப்பிட்டுட்டு வந்துருவேன். எனக்கு என்னைத் தெரியும். வெறுங்கையோட போனாத்தான் வாயைத் தெறப்பேன். எங்கூட்டுலயும் அது சூடாச்சு, அது மேடையிலயே இல்லை, இந்தப் புள்ள மேல ஒரு தப்புமில்லைன்னு அந்தம்மா மூஞ்சியைப் பாத்துச் சொல்லோணும். அப்புறம் அந்தத் தங்கச்சி கல்யாணக்காரிக்கும் எழுதோணும். பெரிய எழுத்துல.

நீங்க தாராபுரத்துக்கு இதைக் கொண்டு போயிருங்க. நீங்களே வெச்சுக்கோங்க, இல்லை தேவைப்படற யாருக்காச்சும் குடுங்க. வர்றேன் தம்பி, வர்றேன், விசில் அடிக்காத.

நல்ல கிரைண்டருங்க, உளுந்து அப்படிக் காணும். ஆனா நான் சொல்றேன்னு நம்பிராதீங்க. முதல்ல தரையில வெச்சு, நாள்பட ஆட்டிப் பாருங்க.